பெரிய வகுப்பும் பேராசிரியரும்

டில்லிப் பல்கலைக் கழகத்தில் எம்.எஸ்ஸி. பௌதிகம் பயில வரும் நம் மாணவர் முதலில் மயங்குவது ஓரிடத்தில்தான். சேர்க்கை ஒரு கல்லூரியின் பெயரில், விரிவுரையோ துறையில். பல கல்லூரி மாணவரும் அங்கே ஒன்று கூடுவர். "பேராசிரியருக்கு என் பெயர்கூடத் தெரியாதே!" என்று புதியவர்கள் என்னிடம் குறைப்படுவதுண்டு.

இது அவருடைய அலட்சியமன்று, வெறும் கணக்கு. ஆசிரியர் ஒருவருக்கு 20 மாணவர் என்று வைத்துக் கொள்வோம். வகுப்பிலும் 20 பேரே இருப்பர் என்று எண்ணலாகாது. மாணவர் வாரம் 21 மணி பாடம் கேட்க, ஆசிரியர் 14 மணி நடத்தினால், வகுப்பின் சராசரி 30 ஆகிவிடும். விருப்பப் பாடத்தில் பத்துப் பேர் அமர்ந்தால், பொதுப் பாடத்தில் கூட்டம் இன்னும் பெருகும்.

இக்கணக்கிலேயே நமக்கு வழியும் உண்டு. பல்கலைக் கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, பேராசிரியரின் வேலை வாரம் குறைந்தது 40 மணி. நேரடிப் போதனை 14 மணி. ஆராய்ச்சியும் விடைத்தாளும் போக, ஐயம் கேட்க வருவோர்க்கும் அதில் இடமுண்டு.

இந்தி வராது, ஆங்கிலம் தடுமாறும் என்று நம்மவர் பலர் கடைசி வரிசையில் ஒதுங்கி விடுகின்றனர். பின்னர் ஆராய்ச்சிக்கு மனுச் செய்யும்போது பரிந்துரைக் கடிதம் வேண்டும். முகமறியாத மாணவரைப் பற்றி மதிப்பெண்ணைத் தவிர அவர் என்னதான் எழுதுவார்?

ஆகவே, நண்பர்களே, போட்டுப் பார்த்துத் தடைப்பட்ட கணக்கு ஒன்றைத் தாளில் எழுதிக் கொண்டு அவர் அறைக்குச் செல்லுங்கள். நான் முதன்முறை சென்றபோது பேசியதைவிடக் கரும்பலகையில் எழுதியதே அதிகம். சமன்பாட்டுக்கு மொழி அதிகம் வேண்டுவதில்லை.