பந்தலடியில் பிறக்கும் காற்று

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டிலிருந்து தெற்கே சுமார் 150 கிலோமீட்டரில் மன்சனாரெஸ் என்ற ஊர் இருக்கிறது. 1982-ல் அங்கே 195 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று எழுந்தது. குறுக்களவு 10 மீட்டர். சுவரோ வெறும் ஒன்றேகால் மில்லிமீட்டர் இரும்புத் தகடு. சுற்றிலும் இழுகம்பிகளைக் கட்டித்தான் அதை நிற்க வைத்திருந்தார்கள். வடிவமைத்தவர் யோர்க் ஷ்லைக் என்ற ஜெர்மானியப் பொறியாளர். கொல்கத்தாவின் வித்யாசாகர் சேது பாலத்தின் வடிவமைப்பிலும் அவர் கை உண்டு.

கோபுரத்தின் அடியைச் சுற்றி 244 மீட்டர் குறுக்களவுக்கு ஒரு பந்தல். தரையிலிருந்து ஆள் உயரம்தான். கூரை பெரும்பாலும் பிளாஸ்டிக், கொஞ்சம் கண்ணாடி. வெயில் உள்ளே இறங்கித் தரையைச் சுட வைக்கும். தரை காற்றைச் சுட வைக்கும். சூடான காற்று நடுவிலுள்ள கோபுரத்தில் ஏறும்போது, அடியில் இருக்கும் டர்பைன் சுழலும். நெருப்பே இல்லாத புகைபோக்கி இது.

எவ்வளவு மின்சாரம் வரும் என்று பார்க்கக் காகிதமும் பேனாவும் போதும். பந்தலைக் கடக்கும்போது காற்று சுமார் 20 டிகிரி சூடாகிறது. வெளிவெப்பம் கெல்வின் கணக்கில் ஏறக்குறைய 300. ஆகவே உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடப் பதினைந்தில் ஒரு பங்கு இலேசு. ஒரு சதுர மீட்டர் தரைமேல் 195 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் காற்றின் எடை சுமார் 230 கிலோ. அதில் பதினைந்தில் ஒரு பங்கு 15 கிலோ. கோபுரத்தின் இழுவை சதுர மீட்டருக்கு இவ்வளவுதான். உறிஞ்சுகுழலில் தண்ணீரை 15 மில்லிமீட்டர் ஏற்றுவதற்கே அது காணும்!

ஆனாலும் அந்தச் சிறு இழுவை முழுவதும் வேகமாக மாறினால் காற்று வினாடிக்கு 16 மீட்டர் ஓட வேண்டும். டர்பைனுக்குச் சுமை தராதபோது மன்சனாரெஸில் அளந்தது 15 மீட்டர். இழுவையில் மூன்றில் இரண்டு பங்கை டர்பைன் எடுத்துக்கொண்டால் வேகம் 9 மீட்டராகக் குறையும் என்கிறது கணக்கு. சுமையோடு அளந்ததும் 9 மீட்டர்தான். இந்தப் பொருத்தத்தை முதன்முறை போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. வினாடிக்கு 730 கன மீட்டர் காற்று, சதுர மீட்டருக்கு 10 கிலோ அழுத்தம். பெருக்கினால் 70 கிலோவாட்டுக்குச் சற்று மேல். இழப்புகள் போக 50 கிலோவாட். அந்த நிலையத்தின் வடிவமைப்புத் திறனும் அதுவே.

சரி, ஏன் மூன்றில் இரண்டு பங்கு? இழுவை மாறாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் அதுதான் உச்சம். ஆனால் இழுவை மாறும். டர்பைன் தடுக்கத் தடுக்கக் காற்று பந்தலடியில் அதிக நேரம் தங்குகிறது, கூடுதலாகச் சூடாகிறது, இழுவையும் ஏறுகிறது. ஆகவே 80, 90 சதவீதம் வரை எடுத்துக்கொள்வதே இலாபம் என்று பிற்காலக் கணக்குகள் காட்டின. அதற்கும் ஓர் எல்லை உண்டு. சூடு ஏற ஏறக் கூரை வழியே கசியும் வெப்பமும் ஏறும். சூரியப் புகைபோக்கியைக் கணினியில் மாதிரியாக்குகிறவர்கள் மல்லுக்கட்டுவது டர்பைனோடு மட்டுமல்ல. கூரையோடும், பகலில் வெப்பத்தைக் குடித்து மாலையில் மெல்ல விடும் மண்ணோடும்தான்.

பந்தலின் பரப்பு 46,000 சதுர மீட்டர். உச்சி வெயிலில் அதன்மேல் விழுவது ஏறத்தாழ 46,000 கிலோவாட். கிடைத்தது ஆயிரத்தில் ஒரு பங்கு. பந்தலையோ டர்பைனையோ குறை சொல்லிப் பயனில்லை, உயரம் போதவில்லை. கோபுரத்தின் திறன் உயரத்துக்கு நேர் விகிதத்தில் கூடும்: 195 மீட்டருக்கு 0.65 சதவீதம், 1000 மீட்டருக்கு 3.3 சதவீதம். அதனால்தான் ஆஸ்திரேலியாவின் மில்டுராவுக்கு அருகே 1000 மீட்டர் கோபுரத்துக்கு, 200 மெகாவாட்டுக்குத் திட்டம் போட்டார்கள். அது கட்டப்படவே இல்லை. இதற்கிடையே சூரியத் தகடுகளின் விலை சரிந்துகொண்டே வந்தது.

மன்சனாரெஸ் கோபுரத்தை மூன்று ஆண்டுச் சோதனைக்கென்றே கட்டியிருந்தார்கள். இழுகம்பிகளுக்குத் துத்தநாகப் பூச்சுகூடக் கிடையாது. அப்படியும் 1986 நடுவிலிருந்து 32 மாதங்கள், நாளுக்குச் சராசரியாக 8.9 மணி நேரம் அது தானாகவே ஓடியது. 1989-ல் ஒரு புயலில் துருப்பிடித்த கம்பிகள் அறுந்து கோபுரம் சாய்ந்தது. அளவீடுகள் மட்டும் மிஞ்சின. இன்றைக்கும் இதற்கு ஒரு புது மாதிரி எழுதுகிறவர் பெரும்பாலும் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த எண்களோடுதான்: 20 டிகிரி, 15 மீட்டர், 9 மீட்டர்.