பாதை இல்லாத இடத்துக்குக் குடும்பத்தோடு போவது: பசுந்தாங் போட்ட கணக்கு

அவுஸ்திரேலியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிற எம்மவர் குடும்பங்கள் பல இப்போது விடுமுறைக்கு ஃபோர் வீல் டிரைவ் வாகனத்தில் பாலைவனத் தடங்களுக்குப் போகின்றன. பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் வாகனத்தை எடுக்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் போகுமுன் போடும் திட்டத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அது தூரத்தின் கணக்காகவே இருக்கிறது: இத்தனை கிலோமீற்றர், மணிக்கு இத்தனை வேகம், ஆகவே இத்தனை நாள். தார் வீதிக்கு அது போதும். வீதி இல்லாத இடத்துக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் கணக்கின் அலகே வேறு.

அந்த அலகு என்ன என்பதை விளங்கப்படுத்த, வாகனமே இல்லாமல் இந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்த தமிழர்களை எடுத்துக்கொள்கிறேன். 1942இன் ஆரம்பத்தில் ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் இருந்தவர்கள். உல்லாசப் பயணத்தையும் உயிர் தப்பும் நடையையும் ஒன்றாக்குகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் உடம்புக்குத் தேவையான தண்ணீர் இரண்டிலும் ஒன்றுதான்.

பசுந்தாங் ரங்கூனின் கிழக்கு ஓரம். அதே பெயருள்ள ஓடை ஆற்றோடு சேரும் இடத்தை ஒட்டி அரிசி ஆலைகள் வரிசையாக நின்றன. ஆலைக் கூலிகள், துறைமுகத் தொழிலாளர், கணக்கப்பிள்ளைகள், சில்லறைக் கடைக்காரர் எனத் தமிழரும் தெலுங்கரும் ஓரியரும் சுற்றுவட்டாரமெங்கும் இருந்தார்கள். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். பர்மா முழுவதிலும் பத்து லட்சத்துக்குச் சற்று அதிகம்.

1941 டிசெம்பர் 23ஆம் திகதி யப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. நத்தார் தினத்தில் மறுபடியும். சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வடக்கே புரோம் வீதியில் நடக்கத் தொடங்கியது. துறைமுகத்தில் கப்பலுக்கு ஆள் வேண்டும் என்பதால் அரசாங்கம் நம்பிக்கை வார்த்தை சொல்லிப் பலரைத் திருப்பி அழைத்தது. திரும்பியவர்கள் பெப்ரவரியில் இரண்டாம் முறையாக வெளிக்கிட வேண்டியிருந்தது. மார்ச் 8ஆம் திகதி யப்பானியர் ரங்கூனுக்குள் வந்துவிட்டார்கள்.

கப்பல் இருந்ததே என்று கேட்கலாம். வசதியானவர் போனார்கள், விமானத்திலும் சிலர் போனார்கள். மேல்தளத்துச் சீட்டில் போகும் ஏழைகளுக்கு, அதிலும் உழைக்கும் வயது ஆண்களுக்கு, கட்டுப்பாடு இருந்தது. ஆகவே மிச்சமிருந்தது நிலவழி. அதில் முக்கியமானவை மூன்று.

முதலாவது, ரங்கூனிலிருந்து 161 மைல் ரயிலில் புரோம், அங்கே ஐராவதி ஆற்றைக் கடந்து, அரக்கன் மலைத்தொடர் வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து தௌங்குப் என்ற கரையோர ஊர், பிறகு வள்ளத்திலும் கப்பலிலும் அக்யாப், சிட்டகொங். இரண்டாவது, மண்டலே வரை சுமார் 385 மைல் ரயில், மொனிவா, சிந்த்வின் ஆற்றில் கலேவா, கபாவ் பள்ளத்தாக்கு, தமு, மலையேறி மணிப்பூரின் பலேல், இம்பால், அங்கிருந்து 134 மைலில் திமாப்பூர் ரயில் நிலையம். மூன்றாவது வடக்கே ஹூக்கவாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமின் லேடோ. அது மற்ற எல்லா வழியும் அடைபட்ட பிறகு எஞ்சியது.

இப்போது கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை நானே வைத்துக்கொள்கிறேன்: தகப்பன், தாய், ஒரு கிழவி, பன்னிரண்டு வயதுப் பையன், ஏழு வயதுப் பெண், ஒரு கைக்குழந்தை. வழி புரோம்–தௌங்குப். குழந்தையும் கிழவியும் உள்ள குடும்பம் மலைத் தடத்தில் நாளுக்குப் பத்து மைல் நடந்தால் கெட்டித்தனம். பதினொரு நாள் என்று வைப்போம்.

அரிசி நாளுக்கு இரண்டு கிலோ. பதினொரு நாளுக்கு 22. பருப்பு, உப்பு, பாத்திரம் சேர்த்து 30 கிலோ. போர்வை, உடுப்பு 10. குழந்தை 9. மார்ச் மாத வெயிலில் ஏறி இறங்குபவருக்கு நாளுக்கு நான்கு லீற்றர் தண்ணீராவது வேண்டும். சிறுவருக்குக் கொஞ்சம் குறைத்தாலும் குடும்பத்துக்கு 18 லீற்றர், அதாவது 18 கிலோ. அதுவும் ஒரே ஒரு நாளுக்கு. கூட்டினால் 67 கிலோ.

சுமக்கிறவர் யார்? தகப்பன் 20, தாய் 12, பையன் 6. மொத்தம் 38. கிழவி தன்னைத் தானே சுமந்தால் போதும், சின்னவளுக்கும் அப்படியே. 29 கிலோ துண்டுவிழுகிறது.

இந்த 29ஐ எப்படிச் சரிக்கட்டுவது என்பதுதான் முழுத் திட்டமும். குழந்தையை விட முடியாது. அரிசியைக் குறைத்தால் எட்டாம் நாள் பசி. எல்லோரும் செய்ததும், செய்யக்கூடியதும், தண்ணீரைத் தூக்காமல் விடுவது. வழியில் ஓடை வரும், ஊற்று வரும், அங்கே குடிப்போம் என்ற நம்பிக்கை. காய்ந்த பருவத்தில் அந்த மலைப் பாதையில் தண்ணீர் அரிது. இருக்கிற சில இடங்களில் எல்லோரும் தங்கினார்கள், எல்லோரும் குடித்தார்கள், அங்கேயே மலசலம் கழித்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அதே நீர் வாந்திபேதியைக் கொடுத்தது. புரோமிலேயே நோய் தொடங்கிவிட்டிருந்தது. கொதிக்க வைத்துக் குடிப்பதற்கு விறகும் நேரமும் பாத்திரமும் வேண்டும். களைத்து விழுந்த தாய்க்கு அவை மூன்றும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை.

ஆகவே ஒரு நாளின் தூரத்தைத் தீர்மானித்தது காலும் அல்ல, மைல் கல்லும் அல்ல. ஒரு தண்ணீர் இடத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி. அது பதினைந்து மைல் என்றால் அன்று பதினைந்து நடந்தே ஆகவேண்டும், ஐந்து என்றால் ஐந்தோடு நிற்பதே புத்தி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அடுத்த வரியை நான் சொல்லத் தேவையில்லை: குடும்பத்தின் வேகம் அதிலே மிக மெதுவாக நடக்கிறவரின் வேகம்தான்.

பாலைவனத்துக்கு வாகனத்தில் போகிறவருக்கும் இதே விதிதான், இலக்கம் மட்டும் மாறும். அவுஸ்திரேலிய உட்பகுதிக்குப் போகிறவர்களை ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லீற்றர் வரை கொண்டுபோகச் சொல்வார்கள். ஐந்து பேர், நான்கு நாள் என்றால் 200 லீற்றர். அதாவது 200 கிலோ. அதற்கு மேல் எரிபொருள், உணவு, கூடாரம், உதிரிச் சக்கரம். உங்கள் வாகனம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கிறது. ஆட்களின் நிறையும் அதற்குள்தான் அடங்கும். பலர் இதைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை. கூட்டிப் பார்த்தால் கூரையில் கட்டிய கதிரை, மேசை எல்லாம் இறங்கிவிடும். மணலில் சக்கரக் காற்றைக் குறைத்து ஓட்டுவதால் எரிபொருளும் வீதியில் போவதைவிட அதிகம் குடிக்கும். வீதிக் கணக்கை அப்படியே தடத்துக்குப் பொருத்தினால் அங்கேயும் துண்டுவிழும்.

வாகனம் நின்றுவிட்டால் அதை விட்டு நடக்க வேண்டாம் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் புத்திமதி. 1963 டிசெம்பரில் இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் பேர்ட்ஸ்வில் தடத்தில் பெற்றோல் தீர்ந்து, காரை விட்டு நடந்து, ஐவரும் இறந்துபோனார்கள். நிழலும் அடையாளமும் வாகனம்தான். வானத்திலிருந்து தேடுகிறவனுக்கு மனிதன் தெரியமாட்டான், வாகனம் தெரியும்.

அடுத்தது திகதி. இதைத்தான் நான் பணத்தைவிடப் பெரிய முதல் என்பேன். பெப்ரவரியில் வெளிக்கிட்டவருக்கு வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும். ஏப்ரலில் வெளிக்கிட்டவருக்கு, வருடத்தில் முப்பது அங்குலம்கூடச் சரியாகப் பெய்யாத மொனிவாப் பக்கத்து வறண்ட நிலமும், அதைக் கடந்ததும் கபாவ் பள்ளத்தாக்கின் மலேரியாவும். மே நடுப்பகுதிக்கு மேல் மழை. புரோம் ஏப்ரல் ஆரம்பத்தில் விழுந்ததோடு முதல் வழி மூடிவிட்டது. ஏப்ரல் 3ஆம் திகதி மண்டலே குண்டுவீச்சில் எரிந்தது. மே 8ஆம் திகதி மிச்சினா விழுந்தது. அதற்குப் பிறகு ஹூக்கவாங் பக்கம் போனவர்கள் இடுப்பளவு சேற்றில் நடந்தார்கள், பெருகிய ஆறுகளின் கரையில் காத்திருந்தே பலர் செத்தார்கள். ஒரே தூரத்தை இரண்டு மாதம் முந்திப் போனவருக்கும் பிந்திப் போனவருக்கும் வெவ்வேறு விலை.

நிலவழியில் இந்தியா போய்ச் சேர்ந்தவர் நான்கு லட்சத்துக்கு மேல் என்று கணிக்கிறார்கள். வழியில் இறந்தவர்களை யாரும் எண்ணவில்லை. பத்தாயிரம் என்று குறைவாகச் சொல்வோரும் உண்டு, ஐம்பதாயிரமும் அதற்கு மேலும் என்போரும் உண்டு. பதிவேடு இல்லாத இடத்தில் இப்படித்தான் இருக்கும். ஐரோப்பியருக்கு வசதியான வழி, இந்தியருக்குக் கடினமான வழி என்று பிரித்து வைத்திருந்தார்கள் என்பது இந்தியாவில் அப்போதே பெரிய கண்டனமாயிற்று. வெள்ளை வழி, கறுப்பு வழி என்றே அவற்றைச் சொன்னார்கள்.

பாலைவனத்திலும் திகதி உண்டு. சிம்ப்சன் பாலைவனப் பூங்காவை டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுகிறார்கள். பிள்ளைகளின் கோடை விடுமுறை சரியாக அதற்குள்தான் வருகிறது. அதிகாரிகளுக்கு எங்கள் விடுமுறைமேல் கோபமில்லை. பள்ளிக்கூட நாட்காட்டியைப் பார்த்து வெயில் குறையாது, அவ்வளவுதான். யூன், யூலை குளிர்கால விடுமுறைக்குத் தள்ளி வையுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு கணக்காளன் பேசாமல் விட முடியாது. பர்மா 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து பிரிந்த பிறகும் நோட்டு அடித்தது இந்திய ரிசர்வ் வங்கிதான். ஆனால் அந்த நோட்டில், பர்மாவில் மட்டுமே சட்டப்படி செல்லும் என்று அச்சிட்டிருந்தார்கள். எல்லைக்கு அப்பால் அரிசிக் கடைக்காரன் அதை வாங்குவது அவன் விருப்பம். வெள்ளி ரூபாய் எங்கும் செல்லும், ஆனால் ஒவ்வொன்றும் பதினொன்றரைக் கிராமுக்குச் சற்று மேல். ஐந்நூறு ரூபாய் கிட்டத்தட்ட ஆறு கிலோ. எங்கள் உதாரணக் குடும்பத்துக்கு அது மூன்று நாள் அரிசி. அதனால்தான் எம் பெண்கள் பொன்னைச் சேலை மடிப்பில் தைத்தார்கள். நிறைக்கு மதிப்பு அதிகம் என்பதை அவர்களுக்கு யாரும் வணிகவியல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை.

ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் மனைவி மங்களமும் இப்படி நிலவழியாக இந்தியா வந்தவர்கள்தான். ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்ற அவருடைய நூலை, மேலே போட்ட எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். எழுதத் தெரிந்த ஒருவர் நடந்ததால் ஒரு நூல் இருக்கிறது. பசுந்தாங் ஆலைக்கூலிகள் போட்ட கணக்கு அவர்களோடு போய்விட்டது.

பாலைத் தடத்துக்குப் போகிறவர்கள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வழி, தங்கும் இடம், திரும்பும் நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி உறவுக்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். குறித்த நேரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் யாருக்கு அறிவிப்பது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். தொலைபேசிக் கோபுரம் இல்லாத இடத்துக்குச் செய்மதித் தொலைபேசி அல்லது அவசர சமிக்ஞைக் கருவி வாடகைக்கு எடுக்கலாம்.

கடைசி நிரல், திரும்பி வருவது. எரிபொருளில் பாதி தீரும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் புறப்படுமுன்னே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். முன்னால் எரிபொருள் நிலையம் நிச்சயமில்லை என்றால் அந்தப் புள்ளியைத் தாண்டக்கூடாது.

1942இல் நடந்தவர்களுக்கு இந்த நிரல் வெறுமையாக இருந்தது. யுத்தம் முடிந்ததும் அதில் பலர் ரங்கூனுக்கே திரும்பிப் போனார்கள், பசுந்தாங்குக்கும்தான். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் தேசியமயமாயின, அதே மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. மூன்று லட்சம் அளவில் இந்தியர் வெளியேறினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் சிலருக்கு முகாம் வாழ்க்கை ஒத்துவரவில்லை. பர்மாவுக்கே நடந்து போய்விடலாம் என்று, பழைய இரண்டாவது வழியைத் தலைகீழாகப் பிடித்து மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் தடுக்கப்பட்டார்கள். இந்தப் பக்கம் மோரே, அந்தப் பக்கம் தமு. திரும்பவும் முடியாமல் மோரேயிலேயே வீடு போட்டு, கடை போட்டு, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். தமுவுக்குப் போகும் வீதி அங்கிருந்து நடை தூரம்தான்.