இரு அட்டவணைகளின் அடைவுகளை ஒப்பிடுதல்: பேராக் தோட்டப் பதிவேடுகளை முன்வைத்து

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. ஈப்போவைச் சூழ்ந்திருந்தவற்றுள் சில வீடமைப்புப் பகுதிகளாயின. அங்கு வாழ்ந்த தமிழர் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்றனர். 1951 முதல் 1960 வரை மலாயாவில் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆயினும் தனியொரு குடும்பம் எத்தோட்டத்திலிருந்து எங்குச் சென்றது என்பதை அறியப் பதிவேடுகளையே நாட வேண்டும். பெரட்டுக் களத்துப் பெயர்களைக் கொண்டு கிராணி எழுதிய செக்ரோல் ஒருபுறம். தமிழ்ப்பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு மறுபுறம். இவ்விரண்டையும் கணினியில் ஏற்றினால், ஒன்றில் காணப்படும் முனியாண்டியும் மற்றொன்றில் தந்தையாகக் குறிக்கப்படும் முனியாண்டியும் ஒருவரா என்ற வினா எழும். அதற்குக் கணினி அளிக்கும் விடை, இரு பதிவேடுகளுக்கும் அமைக்கப்பட்ட அடைவுகள் தம்முள் ஒத்துப்போவதைப் பொறுத்தது.

உறவுநிலைத் தரவுத்தளம் என்னும் கருத்தை 1970இல் எட்கர் கோட் வெளியிட்டார். செய்திகள் அட்டவணைகளாக வைக்கப்படுகின்றன. குறுக்கே ஓடும் ஒவ்வொரு நிரையும் ஓர் ஆளை அல்லது ஒரு நிகழ்வைக் குறிக்கும். நெடுக்கே ஓடும் நிரல்கள் பெயர், தோட்டம், ஆண்டு போன்ற கூறுகளைக் குறிக்கும். ஓர் அட்டவணையை மற்றொன்றோடு பிணைப்பது இரண்டிலும் பொதுவாக அமைந்த மதிப்பேயாகும். அம்மதிப்பை விரைந்து தேட உதவுவது அடைவு. நூலின் இறுதியில் காணும் சொல்லடைவு எத்தகையதோ அத்தகையதே இதுவும். நூல் மாறுவதில்லை, அதனுள் நுழையும் வழி மட்டுமே கூடுகிறது.

தமிழ் பயில்வோர்க்கு இது புதியதன்று. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. சொல்லை அறிந்தவர் பெயரகராதி வழியாகவும், எதுகையை நாடுபவர் தொடையகராதி வழியாகவும் நுழையலாம். எவ்வழியில் தேடப்போகிறோம் என்பதே அடைவின் வடிவை முடிவு செய்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முதலில் ஒப்பிட வேண்டியது அடைவுகளின் அமைப்பு. எந்த நிரல்கள், எந்த வரிசையில், ஒரு மதிப்பு ஒருமுறை மட்டுமே வரலாம் என்னும் கட்டுப்பாட்டோடா அன்றியா என்பவற்றை நோக்குதல் வேண்டும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற மென்பொருள்கள் இவ்விவரங்களைத் தம் உள்ளட்டவணைகளிலேயே வைத்திருப்பதால், இரு அட்டவணைகளின் அடைவு விவரங்களையும் ஒரே வினவலில் அருகருகே காணலாம். நிரல்களின் வரிசை இங்கு முதன்மையானது. தோட்டம், பெயர் என்னும் வரிசையில் அமைந்த அடைவு, தோட்டத்தை அறிந்தவர்க்கே முழுப்பயன் தரும். பெயரை மட்டும் அறிந்தவர்க்கு அது பெரும்பாலும் உதவாது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய குடும்பத்தைத் தேடுவோர் அறிந்திருப்பது பெயரை மட்டுமே அல்லவா?

ஒருமைக் கட்டுப்பாட்டிலும் எச்சரிக்கை தேவை. பேராக்கின் தென்பகுதியில் 1906இல் தொடங்கப்பட்ட ஜெண்டராட்டா தோட்டம் பல பிரிவுகளை உடையது. அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளும் பிரிவு எண்ணாலேயே வேறுபடுத்தப்படுகின்றன. ஓர் அட்டவணை தோட்டப் பெயரை மட்டும் ஒருமைத் திறவாகக் கொண்டு, மற்றது தோட்டப் பெயரையும் பிரிவையும் சேர்த்துக் கொண்டிருப்பின், இரண்டிற்கும் 'தோட்டம்' என்னும் ஒரே தலைப்பிருந்தும் அவை ஒன்றையே குறிப்பன அல்ல. அவற்றைப் பிணைத்தால் இரண்டாம் பிரிவின் பிள்ளை முதற்பிரிவுத் தொழிலாளரோடு சேர்ந்துவிடும்.

அடுத்தது வரிசை விதி. தமிழில் இதுவே மிகுந்த இடர் தருவது. ஒருங்குறியில் தமிழெழுத்துகள் நம் நெடுங்கணக்கின் முறையில் இடம்பெறவில்லை. ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ ஆகியன நிற்க, வ அவற்றிற்குப் பின்னரே வருகிறது. மெய்யைக் காட்டும் புள்ளி உயிர்க்குறிகளுக்கும் பிந்தியது. ஆகவே எழுத்தெண்களை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் அடைவில் கன்னியம்மா முன்னும் கமலம் பின்னும் அமைவர். தமிழ் அகராதி முறையில் கமலமே முந்துவார். அதுபோன்றே நம் முறையில் முத்தம்மாள் முதலியாருக்கு முன். எழுத்தெண் முறையில் பின்.

இதனால் விளைவதென்ன? இரு வரிசைப் பட்டியல்களை இணைக்கும் முறைகளுள் ஒன்று, இரண்டின்மீதும் ஒவ்வொரு விரலை வைத்து மேலிருந்து கீழாக நகர்த்துவதை ஒத்தது. சிறிய பெயரில் நிற்கும் விரல் நகரும். கடந்த பெயருக்கு அது மீளாது. இரு பட்டியல்களும் வெவ்வேறு விதியால் வரிசைப்பட்டிருப்பின், உள்ள பெயரையே இல்லையெனக் கடந்துவிடும். தரவுத்தள மென்பொருள்கள் விதி வேறுபாட்டை அறிந்தால் பிழை அறிவிக்கும், அல்லது அடைவைக் கைவிட்டு மெதுவாகத் தேடும். விரிதாளில் தோராயப் பொருத்தம் தேடுவோர்க்கு அத்தகைய காவல் இல்லை. தரவுத்தளமும் எப்போதும் காப்பதில்லை. 2018இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியின் 2.28ஆம் பதிப்பு வரிசை விதிகளை மாற்றியபோது, அதனைச் சார்ந்திருந்த போஸ்ட்கிரெஸ் அடைவுகளை மீள அமைக்க வேண்டியதாயிற்று.

குறியாக்கமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டெழுதப்பட்ட கோப்புகள் திஸ்கி முதலிய குறியாக்கங்களில் உள்ளன. திஸ்கியில் செல்லம்மாவின் ஒற்றைக் கொம்பு சகரத்திற்கு முன்னரே பதிவாகும். மாற்றாமல் வரிசைப்படுத்தினால் அப்பெயர் சகர வரிசையிலேயே இராது. ஒருங்குறியிலும் 'கொ' என்பதன் குறியை ஒன்றாகவோ இரண்டாகவோ பதியலாம்; இதனை இயல்பாக்கம் சீர்செய்யும். ஆனால் கௌரி என்பதைக் கொம்பும் ளகரமும் இட்டு 'கெளரி' எனத் தட்டினால், கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும் அது கணினிக்கு வேறு பெயர். எந்த இயல்பாக்கமும் அதனைத் திருத்தாது.

நம் பதிவேடுகளிற் பல உரோமன் எழுத்தில் உள்ளன என்பது சிக்கலை மேலும் வளர்க்கிறது. 1972ஆம் ஆண்டு மலாய் எழுத்துச் சீர்திருத்தம் ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலை மாற்றியது. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. ஊர்ப்பெயர்களுக்கு ஒரு மாற்றுப்பெயர் அட்டவணை போதும். ஆட்பெயர்களுக்கு அது போதாது. ஒலியொப்புமையால் பெயர்களைத் தொகுக்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு 1918இல் அமெரிக்காவில் ராபர்ட் ரசல் காப்புரிமை பெற்றார். முதலெழுத்தை அப்படியே நிறுத்தி, ஏனைய மெய்களை எண்களாக்குவது அம்முறை. முனியாண்டியை நடுவில் 'ஒய்' இட்டு எழுதினாலும் இடாது எழுதினாலும் அது ஒன்றாகவே கொள்ளும். ஆனால் செல்லம்மாவை ஒரு கிராணி 'எஸ்' என்றும் மற்றொருவர் 'சி எச்' என்றும் தொடங்கியிருப்பின், எண்கள் இரண்டிலும் 450 என ஒத்திருந்தும் முதலெழுத்து வேறாதலின் இருவராகப் பிரித்துவிடும். கோவிந்தன், தனலெட்சுமி, வேலு ஆகிய பெயர்களுக்கும் இந்நிலை நேரலாம். வல்லினத்தின் ஒலி வேறுபாட்டை எழுத்தில் காட்டாத மொழிக்கு முதலெழுத்தையும் குறியாக்கும் தனி விதி வேண்டும். அதனை வகுத்தல் கணினியாளரைவிடத் தமிழ் ஒலியியல் அறிந்தோர்க்குரிய பணி என்பது என் கருத்து.

இவ்வாறு பெற்ற சீர்வடிவத்தைத் தனி நிரலில் இட்டு, இரு அட்டவணைகளிலும் அதன்மீதே ஒரே விதியில் அடைவு அமைத்தல் வேண்டும். கிராணி எழுதிய வடிவம் மாறாமல் நிற்க வேண்டும், அது சான்று. ஒத்த சீர்வடிவம் ஓராளையே குறிக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஒரே தோட்டத்தில் பல முனியாண்டிகள் இருந்திருப்பர். தந்தை பெயரும் பிரிவும் ஆண்டும் அதனைத் தீர்மானிக்கும்.

பொருந்தியவற்றை மட்டும் தரும் இணைப்பு, பொருந்தாத நிரைகளை ஓசையின்றி விட்டுவிடும். ஆய்வாளர் காணும் முடிவில் அக்குடும்பம் அத்தோட்டத்தில் வாழவே இல்லை. பிறப்புப் பத்திரமின்றிக் குடியுரிமைக்கு அலைந்த தோட்டத்து மக்களை அறிந்தோர்க்கு ஏட்டில் பெயர் காணாமற்போவது எத்தகையது என விளக்க வேண்டியதில்லை. ஆதலின் இடப்புற அட்டவணையின் எல்லா நிரைகளையும் தக்கவைக்கும் வெளியிணைப்பையே முதலில் இயக்கி, வலப்புறம் வெறுமையாக நிற்கும் பெயர்களைத் தனிப்பட்டியலாக எடுத்தல் வேண்டும். பின்னர் வலப்புறத்திலிருந்தும் அவ்வாறே செய்தல் வேண்டும். அவ்விரு பட்டியல்களையும் அத்தோட்டங்களில் வாழ்ந்த முதியோரிடம் படித்துக் காட்டினால், கணினி பிரித்த பெயர்கள் சிலவற்றை அவர்கள் ஒருவரே எனக் கூறக்கூடும்.