பரணில் பழைய கம்ப்யூட்டர் கிடைச்சிருக்கா? பிளக்கைச் சொருகும் முன் இதைப் படிங்க!

திருச்சி கைலாசபுரத்தில் பெல் குவார்ட்டர்ஸ் வீடு ஒன்று காலியாகிறது என்றால், பரணிலிருந்து ஒரு தலைமுறையே கீழே இறங்கும். வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிவிட்டார், சாமானைக் கட்ட வேண்டும். பித்தளை அண்டா, பழைய டைனமோ சைக்கிள், கூடவே மஞ்சள் பூத்த ஒரு பெரிய கம்ப்யூட்டர் பெட்டி. துவாக்குடி, மாத்தூர் பக்கம் மூடிக்கிடக்கும் சின்னப் பட்டறைகளின் ஆபீஸ் அறைகளிலும் இதே கதைதான். சம்பளக் கணக்கும் பில்லும் போட்ட 80, 90-களின் மெஷின் மூலையில் தூசியோடு உட்கார்ந்திருக்கும்.

வீட்டில் உடனே இரண்டு குரல் கேட்கும். ஒன்று, "பழைய இரும்புக் கடையில போட்டுடு." இன்னொன்று, "சும்மா ஆன் பண்ணிப் பாரேன்!" இரண்டையும் இப்போதைக்குக் கேட்காதீங்க. ஏன் என்று பார்க்கலாம்.

முதல் கேள்வி: இது யாருடையது?

மூலையில் கிடப்பதெல்லாம் கேட்பாரற்றது இல்லை. ஆபீஸ் பொருளில் சொத்து எண் ஒட்டியிருக்கும். பொதுத்துறை நிறுவனங்களின் கழிவுப் பொருட்கள் முறைப்படி ஏலத்தில்தான் வெளியே போகும். அதனால் கம்பெனி வளாகத்திலோ பக்கத்திலோ கிடந்தால், பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டு, முடிந்தால் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பரணில் கிடைத்தது என்றாலும் அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள். அது எங்கிருந்து வந்தது என்ற கதையும் சேர்ந்து கிடைக்கும்.

அப்படி என்ன பெரிய விஷயம்?

அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்னதால், ஐ.பி.எம். 1978-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பியது. அந்த இடத்தைப் பிடிக்க எச்.சி.எல்., விப்ரோ, டி.சி.எம்., ஈ.சி.ஐ.எல். போன்ற உள்ளூர் நிறுவனங்கள் போட்டி போட்டன. எச்.சி.எல்.-ஐ 1976-ல் நண்பர்களோடு தொடங்கிய ஷிவ் நாடார், தூத்துக்குடிப் பக்கம் பிறந்து திருச்சியிலும் படித்தவர். அந்த நிறுவனத்தின் 'பிஸிபீ', சென்னை ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸின் 'சிவா பிசி' எல்லாம் ஒருகாலத்தில் நம் ஊர் ஆபீஸ்களின் பெருமை.

அமெரிக்க மெஷின்களைப் பாதுகாக்க கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் பெரிய மியூசியமே இருக்கிறது. நம் ஊர் மெஷின்களுக்கு அந்த அளவு கவனிப்பு இல்லை. அதனால் உங்கள் பரணில் இருக்கும் இந்தியத் தயாரிப்பு, வெளிநாட்டு மெஷினைவிட அரிதாகக்கூட இருக்கலாம்.

எனவே முதல் வேலை, போட்டோ. முன்பக்கம், பின்பக்கம், மாடல் எண், சீரியல் எண், சொத்து எண் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் போனில் எடுத்துவிடுங்கள். துடைக்கும்போது ஸ்டிக்கர் கிழிந்தால் அடையாளமும் போய்விடும்.

ஆன் பண்ணாதீங்க, ஏன்?

30 வருடம் தூங்கிய மெஷினுக்குத் திடீரென்று 230 வோல்ட் கொடுத்தால் பவர் சப்ளைதான் முதலில் பலியாகும். உள்ளே இருக்கும் சில பேப்பர் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் வெடிப்பு விட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கரன்ட் பட்டதும் நாற்றமடிக்கும் புகையைக் கக்கும்.

பின்பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா? 115, 230 என்று எழுதியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் 115-ல் இருந்தால், நம் வீட்டு பிளக்கில் சொருகிய நொடியே 'டப்'!

உள்ளே எலிக்கூடு, கரப்பான் எச்சம், துரு எல்லாம் இருக்கலாம். பிளக் இல்லாமல் மூடியைக் கழற்றி, மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். இரண்டு இடங்களை மட்டும் நீங்களாகத் திறக்கவே கூடாது. ஒன்று, பவர் சப்ளையின் தகரப் பெட்டி. இன்னொன்று, பழைய மானிட்டர். அந்தப் படக்குழாய் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஓடியது. அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கலாம். பழைய டி.வி. ரிப்பேர் பார்த்து கைதேர்ந்த மெக்கானிக் யாராவது இருந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள்.

பேட்டரிதான் வில்லன்

286, 386 காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் சின்ன பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி சால்டர் பண்ணியிருக்கும். தேதி, நேரத்தை ஞாபகம் வைக்கும் பேட்டரி அது. வருடக்கணக்கில் கிடந்தால் கசிந்து, பக்கத்தில் உள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அதுதான் அறிகுறி.

மெஷினை ஓட்டப் போவதில்லை என்றாலும் இந்த பேட்டரியை மட்டும் எடுத்துவிடுங்கள். கையுறை அவசியம். சால்டரிங் தெரியாவிட்டால் செல்போன் சர்வீஸ் கடையில் கேட்கலாம். கசிவு காரத்தன்மை உள்ளது. அதனால் வெள்ளை வினிகரை பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கில் யாரோ ஒருவரின் வாழ்க்கை

இதுதான் பலரும் மறந்துபோகும் இடம். ஆபீஸ் மெஷின் என்றால் உள்ளே சம்பளப் பட்டியல், பி.எஃப். எண், கடன் விவரம், வீட்டு முகவரி எல்லாம் இருக்கலாம். அந்தத் தொழிலாளர்கள் இன்றும் பக்கத்துத் தெருவில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கலாம். 'பழசுதானே' என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. உரியவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவரிடம் கொடுங்கள். முடியாவிட்டால், விற்பதற்கு முன் டிஸ்க்கைத் தனியே எடுத்துவிடுங்கள். ஃபார்மட் செய்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் தட்டில் ஓட்டை போட்டால்தான் நிம்மதி.

ஃபிளாப்பிகள் கிடைத்தால் அவசரப்படாதீங்க. நம் ஊர் ஈரத்தில் அவற்றில் பூஞ்சை பிடிக்கும். அப்படியே டிரைவில் போட்டால் டிஸ்க்கும் கெடும், டிரைவின் தலையும் அழுக்காகும். மூன்றரை அங்குல ஃபிளாப்பியைப் படிக்க யூ.எஸ்.பி. டிரைவ் ஆன்லைனில் கிடைக்கிறது. ஒன்றின் கொள்ளளவு 1.44 எம்.பி.தான், உங்கள் போன் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது! ஐந்தேகால் அங்குலம் என்றால் பழைய டிரைவும், 'கிரீஸ்வீசில்' போன்ற இணைப்புக் கருவியும் வேண்டும்.

உள்ளே தமிழில் ஏதாவது இருந்தால் கூடுதல் கவனம். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனித்தனி எழுத்துருக் குறியீட்டில் ஓடியது. பொதுவான தரம் பற்றி 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில்தான் பெரிய அளவில் பேசப்பட்டது. அதனால் சங்க மலரோ, கோயில் விழா நோட்டீஸோ, கோப்பை மட்டும் காப்பி எடுத்தால் திறக்கும்போது கோணல்மாணலாக வரும். அதே டிஸ்க்கில் இருக்கும் ஃபான்ட்டையும் சேர்த்து எடுங்கள்.

தங்கம் இருக்காமே?

இருக்கிறது, மில்லிகிராம் கணக்கில். அதற்காக போர்டை எரிப்பதும் ஆசிட்டில் முக்குவதும் உயிரோடு விளையாடுவது. பிளாஸ்டிக் ஒயரை எரித்தால் டையாக்ஸின் வரும். மானிட்டர் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. டெல்லி சீலம்பூரிலும் உத்தரப்பிரதேச மொரதாபாத்திலும் இந்தத் தொழில் மண்ணையும் மனிதர்களையும் என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை.

காசு வேண்டுமென்றால் முழுசாக விற்பதுதான் புத்திசாலித்தனம். டி.வி.எஸ். கோல்டு மாதிரி மெக்கானிக்கல் கீபோர்டுகளுக்கு இன்றும் தட்டச்சு செய்பவர்களிடம் மவுசு உண்டு. ஐ.பி.எம். 'மாடல் எம்' கீபோர்டு கிடைத்தால் உங்களுக்கு யோகம். கார்பன் காப்பி பில் போடும் கடைகள் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரை இப்போதும் ஓட்டுகின்றன.

கடைசியில் என்ன செய்யலாம்?

மெஷின் நல்ல நிலையில் இருந்தால், பக்கத்துக் கல்லூரிகளின் கம்ப்யூட்டர் துறையிடம் காட்சிக்கு வைக்க விருப்பமா என்று கேளுங்கள். சேகரிப்பாளர்களுக்கும் கொடுக்கலாம். ஓடாத மெஷினின் சாஃப்ட்வேரை மட்டும் பார்க்க ஆசை என்றால், 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச எமுலேட்டரில் உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டலாம்.

ஒன்றுக்கும் ஆகாது என்று முடிவானால், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற நிறுவனங்கள்தான் இதைக் கையாளலாம்.

கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. அந்த மெஷினில் வேலை பார்த்தவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவரை அதன் முன்னால் உட்காரவைத்து, போனில் பத்து நிமிஷம் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். மாசக் கடைசியில் சம்பளப் பட்டியல் எப்படி அடித்தார், கரன்ட் போனால் என்ன செய்தார் என்று கேளுங்கள். பெட்டிக்கு மாற்றுப் பெட்டி எங்காவது கிடைத்துவிடும். அவர் சொல்லும் கதைக்கு வேறு காப்பி கிடையாது.