பள்ளிக்கூடத்துக்கு ஒரு நூலகர்

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் தூரம் அருணாசலத்தை வலம் வருகிறவர்கள், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறத்தில் அமைந்த அடி அண்ணாமலையை அடையும்போது, பிரம்மதேவன் பிரதிஷ்டை செய்ததாக ஐதீகம் கூறும் ஆதி அண்ணாமலையாரையும், திருவெம்பாவை பிறந்த இடமென்று போற்றப்படும் மாணிக்கவாசகர் சந்நிதியையும் தரிசித்துச் செல்கிறார்கள். தமிழ் பிறந்த மண்ணென்று நாம் பெருமிதத்தோடு காட்டும் இத்தகைய ஊர்களில் வளரும் குழந்தைகளுக்கு, பாடப்புத்தகத்துக்கு அப்பாலுள்ள தமிழை எடுத்துக்கொடுக்கப் பள்ளியில் ஒருவர் இருக்கவேண்டாமா?

பள்ளிதோறும் நூலகம் வேண்டும், அதில் நாளிதழும் சஞ்சிகையும் கதைப்புத்தகங்களும் இருக்கவேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை விதிக்கிறது. ஆனால் அந்நூலகத்தைப் பேணும் நூலகரைப் பற்றி அது மௌனம் சாதிக்கிறது. ஆகவே அரசுப் பள்ளிகளில் அலமாரியின் சாவி பெரும்பாலும் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடமே கூடுதல் பொறுப்பாக வந்துசேர்கிறது. இருப்புப் பதிவேட்டில் ஒரு நூல் குறைந்தாலும் தாமே பதில் சொல்லவேண்டுமே என்று அஞ்சி அவர் அதைப் பூட்டிவைப்பாரானால், அது அவர் குற்றமன்று. கொப்பரையும் நெய்யும் திரியும் சித்தமாக இருந்தாலும், அவற்றைச் சுமந்து மலையேறும் பர்வதராஜ குலத்தார் இல்லாமல் கார்த்திகைத் தீபம் உச்சியில் எரியுமா?

கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதைத் தம் ஐந்து விதிகளுள் வைத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனுக்குப் பெரிய எழுத்தும் சித்திரமும் கொண்ட நூலையும், நட்சத்திரங்களைப் பற்றி ஓயாமல் கேட்கும் சிறுமிக்கு வானசாஸ்திர நூலையும் அறிந்து கொடுப்பது, பயிற்சியும் அவகாசமும் உள்ள ஒருவருக்கே சாத்தியம். உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற நூலகர் தேவையென்று ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான கமிஷன் 1952-53லேயே வற்புறுத்தியது. கேந்திரிய வித்யாலயங்களில் அத்தகைய பதவி இன்றும் இருக்கிறது.

இதைச் சட்டசபையில் கேட்டுப் பெறமுடியுமா என்று ஐயுறுவோருக்கு நம் மாகாணத்தின் சரித்திரமே விடை. ரங்கநாதன் 1930இல் காசியில் கூடிய கல்வி மகாநாட்டின் முன் மாதிரி நூலகச் சட்டமொன்றை வைத்தார், 1933இல் பஷீர் அகமது சையது சென்னைச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. சோர்வின்றித் தொடர்ந்த முயற்சியின் பலனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த 1948இல் பொது நூலகச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி நாம் இன்று வீட்டுவரி ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி செலுத்துகிறோம்.

பள்ளி நூலகர் பதவிக்கோ, புதிய சட்டம்கூட அவசியமில்லை. பதவியைச் சிருஷ்டிக்கும் அரசாணையும் அதற்கான நிதியுமே போதும். ஆதலால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும், ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையிலும் தீர்மானம் நிறைவேற்றி, பள்ளிக்கல்வித் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வருவதற்கு முன்பே தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் சேர்ப்பிக்கவேண்டும். அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு நூலகர் என்று தொடங்கினாலும் போதும். வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்துகிற எந்தக் குடும்பத் தலைவியும், தன் குழந்தையின் பள்ளி அலமாரி திறக்கவேண்டும் என்று அந்தச் சபையில் எழுந்து கேட்கலாம், கேட்கவேண்டும்.