மின்னஞ்சல் தலைப்பகுதியும் எரித வடிகட்டலும்

மின்னஞ்சல் தலைப்பகுதி என்பது மடலின் உள்ளடக்கத்துக்கு முன்னால் அமையும் தகவல் வரிகளின் தொகுப்பாகும். அனுப்புநர், பெறுநர், பொருள், நாள் போன்ற சில வரிகளே திரையில் தெரிகின்றன. மடல் வந்த வழியும், எரித வடிகட்டி அதைப் பற்றி எடுத்த முடிவும் மற்ற வரிகளில் பதிவாகின்றன. பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகளில் மடலின் மூல வடிவத்தைத் திறந்து இவற்றைக் காணலாம்.

மடல் வந்த வழி

மடலைக் கையாளும் ஒவ்வொரு வழங்கியும் 'ரிசீவ்ட்' என்ற வரியைத் தலைப்பகுதியின் மேற்புறத்தில் சேர்க்கிறது. ஆகவே இவ்வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எரிதம் அனுப்புவோர் கீழுள்ள வரிகளையும் அனுப்புநர் முகவரியையும் போலியாக எழுத முடியும். பெறுநரின் சொந்த வழங்கி சேர்த்த வரியே நம்பத்தக்கது. மடலை ஒப்படைத்த கணினியின் ஐ.பி. முகவரி அதில் இருக்கும்.

மதிப்பெண் முறை

ஸ்பேம்அசாசின் 2001-இல் ஜஸ்டின் மேசன் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். இப்போது அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமாக உள்ளது. இது மடலைப் பல விதிகளால் சோதித்து, பொருந்தும் ஒவ்வொரு விதிக்கும் மதிப்பெண் இடுகிறது. நல்ல அறிகுறிகளுக்கு எதிர்ம மதிப்பெண் உண்டு. இயல்பான அமைப்பில் கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் மடல் எரிதம் எனக் குறிக்கப்படும். மடலை நீக்குவதோ வேறு கோப்புறைக்கு மாற்றுவதோ இதன் வேலையன்று; அதை வழங்கியோ பயனரின் மென்பொருளோ செய்கிறது.

'எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ்' என்ற வரியில் முடிவு, மதிப்பெண், வரம்பு, பொருந்திய விதிகளின் பெயர்கள் ஆகியவை இருக்கும். 'எக்ஸ்-ஸ்பேம்-லெவல்' வரி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உடுக்குறி இட்டுக் காட்டும்.

தவறான முடிவுகள்

வேலைக்கான அழைப்போ கல்லூரி அறிவிப்போ எரிதக் கோப்புறைக்குள் சென்றுவிட்டால், விதிகளின் பெயர்களே காரணத்தைக் காட்டும். எஸ்.பி.எஃப். சோதனை தோல்வியுற்றிருந்தால், அனுப்பிய நிறுவனம் தன் ஆள்களப் பதிவையோ மடல் அனுப்பும் முறையையோ சரிபார்க்க வேண்டும். வழங்கியின் முகவரி தடைப்பட்டியலில் இருந்தால், அதை நீக்கக் கோர வேண்டும். முந்தைய மடல்களிலிருந்து சொற்களைக் கற்கும் பேயசு விதியே காரணமெனில், இது நல்ல மடல் என வடிகட்டிக்குக் கற்பிக்கலாம்.

டிகிம் கையொப்பம் சரியாக இருப்பது மட்டும் நன்மடலுக்குச் சான்றாகாது. மடல் எந்த ஆள்களத்தின் பெயரால் கையொப்பமிடப்பட்டது என்பதையே அது உறுதிசெய்கிறது. எரிதம் அனுப்புவோரும் தம் சொந்த ஆள்களத்தில் கையொப்பமிட முடியும். இதனால்தான் வடிகட்டிகள் ஒரே அறிகுறியை நம்பாமல் பலவற்றைக் கூட்டிப் பார்க்கின்றன.