ஆகஸ்ட் லீவுக்கு மணப்பட்டு போறீங்களா?

புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆகஸ்ட் 15 முடிந்தாலும் 16-ம் தேதி போனஸ்! 1962-ல் பிரெஞ்சு ஆட்சி சட்டப்படி விடைபெற்ற அந்த நாளும் இங்கே விடுமுறை.

நகரக் கூட்டம் பிடிக்காதவர்கள் பாகூர் பக்கம் மணப்பட்டு, நரம்பை கடற்கரைகளுக்கு நண்பர்களோடு கிளம்பலாம். அமைதிதான் அங்கே அழகு. ஆபத்தும் அதுதான், கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லாமல் போகலாம்.

இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் கடல் சாதுவாகத் தெரிகிறதா? அங்கே இறங்காதீர்கள். உள்ளே இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் ஓடும். நீச்சல் தெரிந்தவரையும் விடாது. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்ட வேண்டாம், சோர்ந்துதான் மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். நண்பன் தத்தளித்தாலும் வெறுங்கையோடு குதிக்காதீர்கள். கயிறோ, மூடிய காலி தண்ணீர் கேனோ வீசுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள், 112-க்கு அழையுங்கள்.